கலைப்பு வாசித்த பிறகு

என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பட்ட பாட்டில் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் மீன் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அம்புட்டு நல்லா இல்ல, ஆனா பசிக்குது" என்று சொல்லிவிட்டு மறுசோறு போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்த என் அண்ணனிடம், "நீங்க எப்ப ஊருக்குப் போறீகன்னு இவ கேட்டா" என்று நேராகக் கேட்டு என் மானத்தை வாங்கியவர். அப்படிப்பட்ட மனிதரைத்தான் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் வைகாசியில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து புளுகன் என்றன. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன ஊமையா?

அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் மைக்கேல் பேண்டு செட் என்றால் அப்போது தெரியாத ஆள் கிடையாது. மைக்கேல் என் மாமனார். கல்யாண ஊர்வலம், சர்ச் சப்பரம், கோயில் கொடை, தர்கா கந்தூரி, எலெக்ஷனில் ஜெயித்தவரின் மாலை மரியாதை என்று எதுவானாலும் சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தானோடு இவர்கள்தான் முன்னால் போவார்கள். மாமனார் போன பிறகு டிரம்பெட்டும் செட்டும் இவர் கைக்கு வந்தன. பெரிய டிரம் அடிக்கிற பீர் முகமது அண்ணன் அப்பா காலத்து ஆள், மகன் காலத்திலும் கூடவே இருந்தார். என் வீட்டுக்காரர் கன்னம் இரண்டும் உப்பி ஊதும்போது பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

அவர்கள் செட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலம் பெண் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் கடைசியாக ஒரு மெட்டு வாசிப்பார்கள். மாமனாரே கட்டிய மெட்டு. கலைப்பு என்று பேர். அதைக் கேட்டால் வேலை முடிந்தது, கலையலாம், பந்தியில் இலை போட்டாயிற்று என்று அர்த்தம். பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதிப் பேச்சில் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், எங்கள் இரண்டு ஊரிலும் அந்த மெட்டுக்குக் கால் தானாக எழும்பிவிடும்.

கலைப்பு வாசித்த பிறகு அந்த இடத்தில் மறுபடி டிரம்பெட்டை வாயில் வைக்கக் கூடாது என்பது மாமனார் போட்ட சட்டம். எச்சில் தண்ணீரை உதறி, துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒரு மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே வந்து இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சியும் மாமனார் மசியவில்லை. "கலைச்சாச்சு தம்பி, போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாராம். மகனும் அப்பன் சொல்லைத் தாண்டியது கிடையாது. நான் கட்டிக்கொண்டு வந்த எண்பத்து நாலாம் வருஷத்திலிருந்து ஒருதரம் கூடப் பார்த்ததில்லை.

நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற துணியை வெட்டி, மடித்து, சுருட்டிப் பொட்டலம் கட்டுகிற வேலை. இவர் விடியற்காலையில் மொட்டை மாடியில் சாதகம் செய்வார். பக்கத்து வீட்டில் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் அவர்களோடு இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன். பிறகு அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பது தெரிந்து, கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுத் துணியைக் கொண்டுவந்து டிரம்பெட்டின் வாயில் திணித்துவிட்டேன். சத்தம் உள்ளே அடங்கி, சளி பிடித்தவன் பாடுவது போல வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. மறுபடி மறுபடி ஊதிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தத் துணியோடு வாசிப்பதற்கென்றே ஒரு மெட்டு வைத்துக்கொண்டார். அதற்குப் பேர் கிடையாது. எந்தக் கல்யாணத்திலும் வாசித்ததில்லை. நான் அடுப்படியில் இட்லிக்கு மாவு ஊற்றுகிற நேரத்தில் மாடியிலிருந்து மெல்ல இறங்கி வரும். எனக்காகத்தான் வாசிக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லித் தொலைப்பாரே.

தொண்ணூற்று ஒன்றில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். தாடியும் ஜோல்னாப் பையுமாக, சாப்பிட்டு நாளாயிற்றோ என்று பாவப்படுகிற மாதிரி இருப்பார். சினிமா டைரக்டர் என்றார்கள். அவர் விடியற்காலையில் இந்தத் துணி அடைத்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, பல் தேய்க்கிற பிரஷ் வாயில் இருக்க எங்கள் வீட்டு மாடிக்கு ஏறி வந்துவிட்டார். ஜாஸ் என்று ஒரு சங்கீதம் உண்டாம். அந்தக் காலத்தில் மெட்ராஸ் ஹோட்டல்களில் அதை வாசித்துப் பிழைத்தவர்களைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறாராம். தெரிந்த மெட்டில் தொடங்கி, போகப் போக மனசுக்கு வருகிறபடி வாசிப்பதுதான் ஜாஸ் என்று விளக்கினார்.

"அதத்தான தம்பி எங்க ஆளு பாட்டு மறந்துபோனா செய்யுதாரு" என்றார் பீர் முகமது அண்ணன்.

பெயர் தெரிந்த நடிகர் ஒருத்தர் கூட இல்லாத படம். ஒரு வேன் வைத்திருந்தார்கள், அதையும் தள்ளித்தான் கிளப்புவார்களாம். இவர் மெட்ராஸுக்குப் போய் ஒரு வாரம் இருந்து வாசித்துவிட்டு வந்தார். வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "மூஞ்சியக் காட்டுவாகளா, இல்ல ஊதுறதுக்கு மட்டுந்தானா?"

"கடைசில வருவேன். துணியத் திணிச்சு வாசிச்சேன் பாரு, அப்பக் கேமராவ மூஞ்சிகிட்டக் கொண்டாந்து வச்சாக. என்னையத்தான் காட்டி முடிக்கப் போறேன்னாரு அந்தத் தம்பி" என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டீக்கடையிலும் சர்ச் வாசலிலும் ஆட்கள் கேட்டுக் கேட்டு, படம் வருவதற்குள் ஊருக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

வருவதற்கும் இரண்டு வருஷம் பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கொட்டகை, பேர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். பெரிய படம் கிடைக்காத வாரத்தில் எதையாவது வெள்ளிக்கிழமை போட்டு வியாழக்கிழமை தூக்குகிற இடம். அங்கேதான் போட்டார்கள். போட்ட அன்று இவர் செட்டோடு சங்கரன்கோவில் பக்கம் இருந்தார். வைகாசி முகூர்த்தம், அடுத்தடுத்துக் கல்யாணம். செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். அவர் வந்ததும் சேர்ந்து போகலாம் என்று நானும் போகவில்லை. அதற்குள் ஊர் போய்விட்டு வந்துவிட்டது.

சனிக்கிழமை கம்பெனியில் துணி மடிக்க உட்கார்ந்ததும் பாலம்மாள் ஆரம்பித்தாள். பாலம்மாள் என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள், வாய் மட்டும் எனக்கு மூத்தது.

"ஏட்டி அருள்செல்வி, அது என்னட்டி படம்? சண்டை இல்ல, ஓட்டம் இல்ல. அம்புட்டு பேரும் ஒரு ஹோட்டல்ல உக்காந்து ஊதுதான். ஊதி முடிச்சுட்டு டீ குடிக்கான். டீயக் குடிச்சுட்டு மறுபடியும் ஊதுதான்."

மாஜிதா சின்னப் பெண், நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தாள். "கதாநாயகி கட்டியிருந்த சேலை எல்லாம் நல்லாருந்துச்சுக்கா. அவதான் கடைசி வரைக்கும் வாயே தொறக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொட்டகைல ஃபேன் நல்லா ஓடுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் அபிப்பிராயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கிற எங்கள் சபைக்காரர் ஒருத்தர், இங்கிலீஷ் படம் மாதிரி உயர்ந்த படம், தமிழில் பேசியதால்தான் தனக்குப் புரியவில்லை என்றார். பால்கோவா கடைக்காரர், ஒரு படத்தில் இத்தனை பேர் இத்தனை நேரம் ஒன்றுமே தின்னாமல் இருப்பதைத் தான் பார்த்ததில்லை என்றார். டவுன் பஸ் கண்டக்டர், வாசிப்பு அருமை, கதைதான் பாதியில் நிற்கிறது என்றார். பாதியில் நிற்கிறது என்பதை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். இடைவேளைக்கு அப்புறம் சட்டென்று முடித்துவிட்டானாம், ஹோட்டலை மூடின பிறகு அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்றே சொல்லவில்லையாம்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். படம் நன்றாக இல்லை என்றால் அது டைரக்டர் தம்பியின் பாடு. ஆனால் பாலம்மாள் கடைசியில் ஒன்று கேட்டாளே, அதைத்தான் சிரித்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

"ஒம் புருஷன் எங்கட்டி வந்தாரு? நான் கண்ணு இமைக்காமப் பாத்தேன். அவரும் இல்ல, அவரு நிழலும் இல்ல."

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கிய மனிதரை டீக்கடைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "சினிமா ஸ்டார் வாராரு, பெஞ்சத் தொடைங்கலே" என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதையாவது தாங்கியிருப்பார். அவருடைய அப்பாவோடு பழகிய பெரியவர் ஒருத்தர் அங்கே இருந்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. "மைக்கேல் மகன் இப்படிப் புளுகலாமாப்பா" என்று வருத்தமாகக் கேட்டாராம். இவர் டீயைக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மறுநாள் விடிந்தது, நான் மாவு ஊற்றினேன், மாடியில் ஒரு சத்தமும் இல்லை.

அன்று சாயங்காலம் நிதானமாகச் சொன்னார். "மில்லுல வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கேன். வெள்ளிக்கெழம வரச் சொல்லிட்டாக. செட்ட பீர் அண்ணன் பாத்துக்கிடட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத்தான் பேசினேன். "படத்துல வெட்டிட்டாகன்னா அது அவிய தப்பு. உங்க டிரம்பெட்டு என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு எட்டு போய்ப் படத்தப் பாத்துட்டாவது வாங்க."

"பாத்து என்ன செய்ய? இல்லாத மூஞ்சிய எங்க தேடுறது? நான் ஊரு பூராவும் சொன்னது பொய்யாப் போச்சு, அருளு. பொய் சொன்ன வாய வச்சுக்கிட்டு எப்படி ஊதுறது?"

அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் குழம்பை நல்லா இல்லை என்று சொன்ன மனிதர் இதில் பொய் சொல்லியிருக்க மாட்டார். காட்டி முடிக்கப் போவதாக அந்தத் தம்பி சொல்லியிருந்தால் காட்டியிருப்பார். அப்படியானால் தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கண்டுபிடித்தால் இவர் மாடிக்கு ஏறுவார், இல்லையென்றால் மில் கேட்டில் உட்காருவார்.

வியாழக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசரிடம் வயிற்று வலி என்றேன். எங்கள் வீட்டில் பொய் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். பஸ் பிடித்துப் போய் மேட்னிக்கு உட்கார்ந்தேன். கூட்டம் சுமாராக இருந்தது, அதிலும் பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். படம் பாலம்மாள் சொன்ன மாதிரிதான், ஊதினார்கள், டீ குடித்தார்கள். ஆனால் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாயில் டிரம்பெட்டை வைத்திருந்தவன் எவனோ ஒரு நடிகன், உள்ளே இருந்த மூச்சு என் வீட்டுக்காரருடையது. அது எனக்குத் தெரியாதா?

கடைசியில் அந்த ஹோட்டலை மூடுகிறார்கள். வாசிக்கிறவர்களுக்கு அன்றோடு பிழைப்பு போகிறது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். திரை முழுக்க இருட்டு. அந்த இருட்டில் ஒற்றை டிரம்பெட் மட்டும் கேட்கிறது.

நான் எழுந்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டேன், கால்களால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். கதவுக்காரர் சோலைச்சாமி இரண்டு பக்கக் கதவையும் விரியத் திறந்துவிட்டார், வெயில் உள்ளே அடித்தது. எல்லோரும் வெளியே போனார்கள், அவர்களோடு நானும் போனேன். வெளியே சோடாக் கடை வரைக்கும் நடந்துவிட்டேன். அங்கே போய்த்தான் எனக்கே உறைத்தது. எதற்காக எழுந்தேன்? படம் முடிந்தது என்று எனக்கு யார் சொன்னது?

கலைப்பு. அந்த இருட்டில் என் வீட்டுக்காரர் வாசித்தது மாமனாரின் கலைப்பு. கேட்டதும் எழுந்துவிட்டேன். ஒன்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய நானே எழுந்துவிட்டேன் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பிரயோசனம்?

திரும்ப உள்ளே ஓடினேன். திரை வெறுமையாக இருந்தது. மாடிப்படி ஏறி ஆபரேட்டர் சங்கரலிங்கத்தின் ரூமுக்குள் நேராகப் போய்விட்டேன். அங்கே பெண்கள் வரக் கூடாதாம். வந்தாயிற்று, அப்புறம் என்ன?

"படம் முடிஞ்சிருச்சா தம்பி?"

"இன்னும் ஒரு ரீல் கெடக்குக்கா. ஆளுகதான் எந்திரிச்சுப் போயிருதாகளே. காலிப் பெஞ்சுக்கு யாரு புரொஜெக்டர்ல கார்பன எரிக்கிறது? மொத நாளுலருந்தே நிப்பாட்டிட்டேன்."

"எதுக்கு எந்திரிக்காகன்னு தெரியுமா?"

"படம் அப்படி" என்றார் சங்கரலிங்கம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மெட்ராஸிலும் மதுரையிலும் அந்த மெட்டு வெறும் மெட்டு. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். உலகத்திலேயே எங்கள் இரண்டு ஊர்க்காரர்கள்தான் அதற்கு எழுந்திருப்பவர்கள். இவரோ, தன் சொந்த ஊர்க்காரர்களைத் தானே வாசித்து வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் தன்னைப் பார்க்கவில்லை என்று படுத்துக் கிடக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சங்கரலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ரீலை இப்போதே உங்களுக்கு மட்டும் ஓட்டிக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் பார்த்து என்ன ஆகப் போகிறது? நான்தான் ஏற்கனவே நம்புகிறேனே. சாயங்கால ஆட்டத்துக்கு ஆட்களோடு வருகிறேன், கடைசி ரீல் வரை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

கம்பெனி விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். வயிற்று வலிக்காரி குத்துக்கல்லாக நிற்பதைப் பார்த்து சூப்பர்வைசர் முறைத்தார். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். "அந்தப் படத்துக்கு மறுபடியுமா?" என்று பாலம்மாள் அலறினாள். "வாட்டி, ஃபேன் காத்து வாங்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். மாஜிதாவும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். டீக்கடையில், கிறிஸ்துராஜ் படத்தில் வருகிறாரா இல்லையா என்று சந்தேகம் இருப்பவர்கள் எல்லாம் சாயங்கால ஆட்டத்துக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மைக்கேல் மாமாவின் பழைய சிநேகிதரை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டேன். பீர் முகமது அண்ணனிடம் மட்டும் முழு விஷயத்தையும் சொல்லி, பெரிய டிரம்மையும் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியையும் எடுத்து வரச் சொன்னேன்.

இவர் வர மாட்டேன் என்றார். "நாளைக்கு வாட்ச்மேனாப் போங்க, நான் தடுக்கல. இன்னைக்கு என் கூட வாங்க. கட்டுன நாள்லருந்து சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனீகளா ஒரு நாளு?" என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனேன் என்று பொய் சொல்ல அவருக்கு வராது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஊரே திரும்பித் திரும்பி அவரைத்தான் பார்த்தது. திரையில் ஊதினார்கள், டீ குடித்தார்கள். நான் சோலைச்சாமியிடம் போய், என்ன கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். "எனக்குத் தெரியாதா தாயி, தொறக்க மாட்டேன்" என்றார். ஹோட்டல் விளக்குகள் அணைந்தன. இருட்டில் கலைப்பு கேட்டது. சோலைச்சாமி எழுந்து இரண்டு கதவையும் திறந்தார்.

இது தெரிந்துதான் ஒரு வாசலில் பீர் முகமது அண்ணனைப் பெரிய டிரம்மோடு நிறுத்தியிருந்தேன். இன்னொரு வாசலில் நான் இரண்டு கையையும் விரித்து நின்றேன். கூட்டம் எழுந்து வந்து முட்டியது.

"ஏட்டி, வழிய விடு. படம் முடிஞ்சிருச்சுல்லா" என்றாள் பாலம்மாள்.

"செத்த நேரம் நில்லு. யாரு முடிச்சா?"

அப்போது என் முதுகுப் பக்கம் வெளியே பஸ் ஹாரன், முன்னால் அத்தனை பேரின் சலசலப்பு. அதற்கு நடுவில் திரையிலிருந்து மறுபடியும் டிரம்பெட் கேட்டது. மெல்ல, அடங்கி, சளி பிடித்த குரலில். கூட்டம் அப்படியே நின்றது. கலைப்புக்குப் பிறகு அந்த டிரம்பெட் பேசி எங்கள் ஊர் கேட்டதே கிடையாது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

திரையில் என் வீட்டுக்காரர் இருந்தார். அந்த ஹோட்டல் காலியாகிவிட்டது. நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் இவர் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து ஊதுகிறார். கேமரா கிட்டே கிட்டே போகிறது. கன்னம் உப்பிய அந்த முகம் திரையை அடைத்துக்கொண்டு வருகிறது. டிரம்பெட்டின் வாயில் வெள்ளையாகத் துணி தெரிகிறது. வாசித்த மெட்டு நான் மாவு ஊற்றும்போது கேட்கிற மெட்டு.

"ஏட்டி, அது நம்ம கம்பெனித் துணில்லா" என்றாள் பாலம்மாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் வாயை மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன். மாஜிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரியவர் நடைபாதையில் நின்றபடியே, "அப்பன் சொல்லயும் மீறிட்டான் பய, ஆனா என்னமா வாசிக்கான்" என்று சத்தமாகவே சொன்னார். ஒருத்தரும் உட்காரவில்லை. நின்றுகொண்டே கடைசி வரை பார்த்தார்கள். நான் திரையைப் பாதி பார்த்தேன், அவரைப் பாதி பார்த்தேன். கடைசி வரிசையில் அவர் மட்டும் தலையைத் தூக்கி, காலி ஹோட்டலில் தான் வாசிப்பதை, நிறைந்த கொட்டகையின் முதுகுகளுக்கு இடையில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வணக்கம் போட்டார்கள். டியூப் லைட்டுகள் எரிந்தன. நான் கையை இறக்கினேன், பீர் முகமது அண்ணன் டிரம்மை நகர்த்தினார். ஒருத்தரும் நகரவில்லை. கலைப்புக்கு அப்புறமும் வாசிப்பு இருக்கிறது என்றால் எதை நம்பிக் கலைவது? இன்னும் ஏதாவது வருமோ என்று வெள்ளைத் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். டீக்கடைப் பையன்களும் நின்றார்கள். அந்தப் பெரியவர்தான் கடைசி வரிசைக்கு வந்தார்.

"கிறிஸ்துராசு, நான் அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்கிடாத. கலைச்சு விடுப்பா. நாங்க வீட்டுக்குப் போகணும்ல."

பீர் முகமது அண்ணன் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். நான் போய் அவர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார். எழுந்து நின்று, கண்ணை மூடி, கலைப்பை முழுசாக வாசித்தார். நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அன்று வாசித்த மாதிரி கேட்டதில்லை. கூட்டம் கலைந்தது. போகிறவர்கள் ஒவ்வொருவரும் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சோலைச்சாமி பெருக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. கால் எழும்பத்தான் பார்த்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் தண்ணீரை உதறி, துடைக்கப் போனவர் என்னைப் பார்த்துவிட்டார். "ஏட்டி, கலைச்சாச்சு. நீ போகல?"

"அந்த இன்னொரு மெட்ட யாருக்காக வாசிக்கீக?" என்று கேட்டேன். ஒன்பது வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று தெரிந்துதான் கேட்டேன்.

அவர் காலிக் கொட்டகையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, பேண்டேஜ் துணியை எடுத்தார்.